ஷேக்ஸ்பியரின் மனைவி ஹாத்தவே வீட்டுப் பெண்ணா, வேட்லி வீட்டுப் பெண்ணா?

கேள்வி இதுதான்: வில்லியம் ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்தவே என்றுதான் பள்ளிக்கூடம் முதல் படித்து வருகிறோம், ஆனால் வூஸ்டர் மறைமாவட்டத்தின் (ஓர் ஆயரின் ஆளுகைக்கு உட்பட்ட தேவாலயப் பகுதி அது) பழைய பதிவேட்டில் அவர் மணக்கவிருந்த பெண்ணின் பெயர் ‘ஆன் வேட்லி’ என்று எழுதியிருக்கிறதாமே, அப்படியானால் அந்த அம்மாளின் பிறந்த வீட்டுப் பெயர் எது, அல்லது இருவேறு பெண்கள் இருந்தார்களா? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே பெண்தான் இருந்தார். அவர் ஹாத்தவே வீட்டுப் பெண். ‘வேட்லி’ என்பது எழுத்தரின் கைப்பிழை. ஆனால் இந்த முடிவுக்கு எந்த வழியாக வருகிறோம் என்பதைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொல்வது நியாயமாகாது. அவர் ஹாத்தவே வீட்டார் என்று நேரடியாகச் சொல்லும் அக்கால ஆவணம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதையும் வேறு பல துண்டுகளோடு சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் விஷயம் தெளிவாகும்.

முதலில், அந்தக் காலத்து ஆவணங்களில் ஒரு மனைவியின் பெயர் எவ்வளவு அரிதாகத் தலைகாட்டும் என்பதைக் கவனியுங்கள். 1583 மே 26 அன்று மூத்த மகள் சூசன்னாவுக்குத் திருமுழுக்கு நடந்தது. ஷேக்ஸ்பியரின் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் பங்குப் பதிவேடு, அதாவது உள்ளூர்த் தேவாலயத்தின் ஏடு, ‘வில்லியம் ஷேக்ஸ்பியரின் மகள்’ என்பதோடு நின்றுவிடுகிறது. 1585 பிப்ரவரி 2 அன்று இரட்டைக் குழந்தைகளான ஹாம்னெட்டுக்கும் ஜூடித்துக்கும் நடந்த திருமுழுக்குப் பதிவிலும் தாயின் பெயர் இல்லை. 1616-இல் எழுதிய உயிலில் ஷேக்ஸ்பியர் ‘என் மனைவிக்கு’ என்று அந்தப் புகழ்பெற்ற இரண்டாந்தரக் கட்டிலை விட்டுச் செல்கிறாரே தவிர, மனைவியின் பெயரை எங்கும் சொல்லவில்லை. 1623 ஆகஸ்டில் அந்த அம்மாள் அடக்கம் செய்யப்பட்டபோது பதிவேடு ‘திருமதி ஷேக்ஸ்பியர்’ என்று மட்டும் குறித்துக்கொண்டது. தேவாலயத்துக்குள் இருக்கும் கல்லறைத் தகடுதான், வில்லியம் ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன், 1623 ஆகஸ்ட் 6 அன்று தம் 67-ஆம் வயதில் காலமானார் என்று பெயரோடு சொல்கிறது. அதிலும் தகப்பன் வீட்டுப் பெயர் இல்லை.

அந்த வயதைக் கொண்டு கணக்கிட்டால் அவர் 1555-இலோ 1556-இலோ பிறந்திருக்க வேண்டும். ஸ்ட்ராட்ஃபோர்ட் பதிவேடு தொடங்குவதோ 1558-இல். பங்குகள் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்ற ஆணை 1538-லேயே பிறந்துவிட்டாலும், 1598-இல் பழைய தாள்களையெல்லாம் தோல் ஏடுகளில் படியெடுக்கச் சொன்னபோது, எலிசபெத் அரசி பட்டமேறிய 1558 முதலாவது எழுதினால் போதும் என்ற சலுகை கிடைத்ததால், பல பங்குகள் அதற்கு முந்திய ஆண்டுகளை விட்டுவிட்டன. ஆகவே இவருடைய திருமுழுக்குப் பதிவை நாம் பார்க்கவே முடியாது. திருமணப் பதிவும் ஸ்ட்ராட்ஃபோர்ட் ஏட்டில் இல்லை. ஆங்கிலேயப் பெண்ணொருவரின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க எல்லோரும் முதலில் தட்டும் இரண்டு கதவுகளும் இங்கே மூடிக் கிடக்கின்றன.

மூன்றாவது கதவு மறைமாவட்ட அலுவலகம். சாதாரணமாக ஒரு திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகளில் அல்லது திருநாள்களில் கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும், அதாவது மணமக்களின் பெயரை அறிவித்து யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்க வேண்டும். 1582 நவம்பர் இறுதியில் வில்லியமுக்கு அதற்கு நேரம் இல்லை. டிசம்பர் 2 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்திய தயாரிப்பு வாரங்களான திருவருகைக் காலம் தொடங்கிவிடும். அன்று முதல் ஜனவரி 13 வரை ஓலை வாசிப்பதற்குத் தடை. அவருக்கு வயது 18, பெண்ணுக்கு 26, அடுத்த மே மாதம் குழந்தை பிறந்ததை வைத்துப் பார்த்தால் பெண் அப்போதே கருவுற்றிருந்தார். ஆகவே ஒரே ஒரு முறை ஓலை வாசித்துவிட்டு மணம் முடிக்க ஆயரின் சிறப்பு அனுமதி கேட்டு, ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து வூஸ்டருக்குப் போனார்கள். இந்தப் பயணம் அலுவலகத்தில் இரண்டு தடயங்களை விட்டுச் சென்றது.

ஒன்று, ஆயரின் பதிவேட்டில் லத்தீனில் எழுதிய ஒற்றை வரி. நவம்பர் 27-ஆம் தேதியின் கீழ், வில்லியம் ஷேக்ஸ்பியருக்கும் டெம்பிள் கிராஃப்டனைச் சேர்ந்த ஆன் வேட்லிக்கும் இடையே அதே போன்ற அனுமதி வழங்கப்பட்டது என்கிறது அது. மற்றொன்று, மறுநாள் நவம்பர் 28 அன்று எழுதிய பிணைப் பத்திரம். அதில் மணமகன் வில்லியம். மணமகள், வூஸ்டர் மறைமாவட்டத்து ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த, மணமாகாத ஆன் ஹாத்தவே. மணமகனின் குடும்பப் பெயரையே இந்த இரண்டும் ஒரே மாதிரி எழுதவில்லை. ஒன்றில் ‘ஷாக்ஸ்பியர்’ என்று ஒலிக்கிறது, மற்றொன்றில் ‘ஷாக்’-இன் இறுதி ஒலி ஆங்கில ‘g’ போல மென்மைப்பட்டு நிற்கிறது. அந்த நூற்றாண்டில் எழுத்துக்கூட்டலை வைத்து யாரும் வழக்காட முடியாது. ஆனால் ஹாத்தவேயை எப்படிக் கூட்டி எழுதினாலும் வேட்லி வராது; ஊர்ப் பெயரும் வேறு. எனவேதான் இது வெறும் எழுத்துக்கூட்டல் சிக்கல் அல்ல.

இரண்டு ஆவணங்கள் முரண்படும்போது எது பழையது, எது ‘அதிகாரபூர்வமானது’ என்று கேட்பது பலருடைய பழக்கம். நான் வேறொன்றைக் கேட்பேன்: பெயர் தவறினால் யாருக்கு நஷ்டம்? பதிவேட்டில் பெயர் தவறினால் எழுத்தருக்கு ஒன்றும் ஆகாது. அது அலுவலகம் தன் நினைவுக்காக வைத்துக்கொள்ளும் நாட்குறிப்பு. பிணைப் பத்திரம் அப்படியல்ல. அந்தத் திருமணத்தில் பின்னால் ஏதாவது சட்டத் தடை வெளிப்பட்டு ஆயருக்கோ அவருடைய அலுவலர்களுக்கோ தொல்லை வந்தால் 40 பவுண்டு கட்டுவதாக ஃபுல்க் சாண்டல்ஸ், ஜான் ரிச்சர்ட்சன் என்ற இரண்டு உழவர்கள் அதில் தங்களைப் பிணைத்துக்கொண்டார்கள். ஸ்ட்ராட்ஃபோர்ட் இலக்கணப் பள்ளியின் தலைமை ஆசிரியருக்கே அப்போது ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டு. அவருடைய இரண்டாண்டுச் சம்பளத்தைப் பணயம் வைக்கும் குடியானவர்கள், பெண் யார் என்று தெரியாமலோ, பெயரை மாற்றி எழுத விட்டோ போயிருக்க மாட்டார்கள்.

பத்திரத்தை நெருங்கிப் பார்த்தால் இன்னும் சில விஷயங்கள் புலப்படும். முன்பாதி வழக்கமான லத்தீன் வாசகம்; ஆயரின் அலுவலர்களான ரிச்சர்ட் காசின், ராபர்ட் வாம்ஸ்ட்ரி ஆகிய இருவருக்கும் பிணையாளிகள் கடன்பட்டிருப்பதாக அது சொல்கிறது. பின்பாதி ஆங்கிலம். முன் ஒப்பந்தமோ இரத்த உறவோ வேறு தடையோ இருக்கக் கூடாது, இது குறித்து வழக்கு எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது, ஆயருக்கு எந்த நஷ்டமும் வரக் கூடாது என்ற நிபந்தனைகளோடு, பெண்ணைச் சேர்ந்தவர்களின் சம்மதமில்லாமல் வில்லியம் மணம் முடிக்கக் கூடாது என்ற ஒன்றும் இருக்கிறது. வயது நிரம்பாதவர் மணமகன்தான். ஆயினும் பத்திரம் அக்கறை காட்டுவது பெண் வீட்டாரின் சம்மதத்தில். பிணைக்கு வந்த இருவருமே பெண்ணின் ஊர்க்காரர்கள் என்பதை இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

அந்த ஊர் ஷாட்டரி. ஸ்ட்ராட்ஃபோர்ட் பங்குக்கு உட்பட்ட சிற்றூர். அங்கே ரிச்சர்ட் ஹாத்தவே என்ற குடியானவர் 1581 செப்டம்பர் 1 அன்று உயில் எழுதி, சில நாள்களிலேயே இறந்தார். அந்த உயில் சரியாக நிறைவேறுகிறதா என்று கண்காணிக்க அவர் நம்பி நியமித்த அண்டை வீட்டாரில் ஒருவர் இதே ஃபுல்க் சாண்டல்ஸ். உயிலுக்குச் சாட்சியாக நின்றவர்களில் ஒருவர் இதே ஜான் ரிச்சர்ட்சன். பதினான்கு மாதம் கழித்து, தகப்பனை இழந்த அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கு அவர்களே வூஸ்டர் வரை போய் நின்றார்கள் என்றால் அதில் வியக்க ஒன்றுமில்லை. பொறுப்பை ஏற்றவர்கள் அதைச் செய்து முடித்தார்கள்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. இதையும் மறைக்கக் கூடாது. ரிச்சர்டின் உயிலில் ‘ஆன்’ என்ற பெயரே இல்லை. ஆக்னஸ், கேத்தரின், மார்கரெட் என்ற மகள்கள்தான் இருக்கிறார்கள். ஆக்னஸுக்குத் திருமண நாளன்று கொடுக்க வேண்டியது 6 பவுண்டு, 13 ஷில்லிங், 4 பென்ஸ் என்று உயில் சொல்கிறது. அந்த நாளைய இங்கிலாந்தில் ஆக்னஸ் என்ற பெயரை ‘ஆனிஸ்’ என்பதுபோல் உச்சரித்தார்கள். அதனால் ஆன், ஆக்னஸ் இரண்டும் ஒரே ஆளுக்கு மாறி மாறி வழங்கின. லண்டன் நாடகக் கொட்டகை முதலாளி ஃபிலிப் ஹென்ஸ்லோ தம் உயிலில் மனைவியை ஆக்னஸ் என்கிறார். அதே அம்மாள் அடக்கம் செய்யப்பட்டது ஆன் என்ற பெயரில். ஆகவே பெயர் வேறுபாடு ஒரு தடையல்ல. ஆனால் ஆக்னஸ்தான் ஆன் என்று அடையாளப்படுத்த வேறு கொக்கியும் வேண்டும்.

அந்தக் கொக்கி எதிர்பாராத இடத்திலிருந்து கிடைக்கிறது: ஓர் ஆட்டிடையரின் உயில். ரிச்சர்ட் ஹாத்தவே தம் உயிலில் தாம் தரவேண்டிய கடன்களைக் குறிப்பிடுகையில், தம்முடைய இடையர் தாமஸ் விட்டிங்டனுக்கு 4 பவுண்டு, 6 ஷில்லிங், 8 பென்ஸ் பாக்கி என்று சொல்லியிருந்தார். இருபது ஆண்டு கழித்து, 1601-இல், அதே விட்டிங்டன் தம் உயிலை எழுதும்போது, ஸ்ட்ராட்ஃபோர்டின் ஏழைகளுக்கு 40 ஷில்லிங் விட்டுச் செல்கிறார். அந்தப் பணம் ‘திரு. வில்லியம் ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஷேக்ஸ்பியரின்’ கையில் இருக்கிறது, தமக்கு வரவேண்டிய பாக்கி அது என்கிறார். ஹாத்தவே வீட்டு இடையரின் பணம் எப்படி ஷேக்ஸ்பியரின் மனைவி கையில் இருக்கும்? அவர் சேமிப்பைக் கொடுத்து வைத்திருந்தாரோ, தகப்பன் வீட்டுப் பழைய கடனின் எச்சமோ, எதுவாயினும் அந்த அம்மாளை ஷாட்டரி வீட்டோடு கட்டும் கயிறு இது. புலவர்களும் பிரபுக்களும் சொல்லாத ஒன்றை ஆடு மேய்த்தவர் தம் கணக்கைத் தீர்க்கும்போது சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இந்த முழு வழக்கிலும் மிகவும் பிடித்த சான்று இதுதான்.

இன்னும் சில துணைச் சான்றுகள் உண்டு. 1566-லேயே வில்லியமின் தகப்பனார் ஜான் ஷேக்ஸ்பியர், ரிச்சர்ட் ஹாத்தவேக்காகக் கடன் வழக்கில் பிணை நின்றிருக்கிறார். இரண்டு குடும்பங்களும் முன்பே பழகியவை. ஷேக்ஸ்பியரின் பேத்தி எலிசபெத் 1670-இல் எழுதிய உயிலில் ஹாத்தவே வீட்டுப் பெண் பிள்ளைகளுக்குப் பணம் வைத்து, அவர்களுடைய தகப்பனைத் தம் உறவினர் என்று அழைக்கிறார். 1709-இல் ஷேக்ஸ்பியரின் வாழ்க்கையை எழுதிய நிக்கலஸ் ரோ, அவருடைய மனைவி ஸ்ட்ராட்ஃபோர்ட் அருகே வசதியான குடியானவராயிருந்த ஹாத்தவே என்பவரின் மகள் என்று எழுதினார். இதில் கவனிக்க வேண்டியது ஆண்டு. பிணைப் பத்திரத்தைப் பழஞ்சுவடி சேகரிப்பாளர் சர் தாமஸ் ஃபிலிப்ஸ் கண்டெடுத்தது 1836-இல். பத்திரத்தைப் பாராமலே ஊர் வாய்மொழியாக ரோவிடம் வந்து சேர்ந்த பெயரும், நூறாண்டுக்கு மேல் கழித்து அலுவலகக் கட்டிலிருந்து வெளிவந்த பெயரும் ஒன்றாக இருக்கின்றன. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

இனி ‘வேட்லி’ எங்கிருந்து வந்தார்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பதிவேட்டின் அந்த வரி வெளிச்சத்துக்கு வந்தவுடன் கற்பனைக் குதிரைகள் ஓடத் தொடங்கின. வில்லியம் உண்மையாகக் காதலித்தது டெம்பிள் கிராஃப்டன் பெண்ணை என்றும், ஹாத்தவே வீட்டு ஆள்கள் மிரட்டி மறுநாளே தங்கள் பெண்ணைக் கட்டிவைத்தார்கள் என்றும் கதை கட்டினார்கள். நாடகத்துக்கு நல்ல கரு, ஆவணத்துக்குப் பொருந்தாது. அதே மறைமாவட்டத்தில் இன்னொரு வில்லியம் ஷேக்ஸ்பியர் இருந்திருக்கலாம் என்றார் ஷேக்ஸ்பியரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய சிட்னி லீ. அந்த வட்டாரத்தில் ஷேக்ஸ்பியர்கள் பலர் இருந்தது உண்மையே. ஆனால் இந்த இரண்டு விளக்கங்களும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. இரண்டு தனித்தனித் திருமணங்கள் என்றால் இரண்டு பதிவு வரிகளும் இரண்டு பிணைப் பத்திரங்களும் இருந்திருக்க வேண்டும். நம் கையில் இருப்பதோ வேட்லிக்கு வரி மட்டும், பத்திரம் இல்லை. ஹாத்தவேக்குப் பத்திரம் மட்டும், வரி இல்லை. கிழிந்த ஒரே தாளின் இரண்டு பாதிகள்போல் ஒன்றில் குறைவது மற்றொன்றில் இருக்கிறது. பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகே அனுமதி தரப்படும் என்பதால், வரி முந்திய நாளின் கீழ் இருப்பதுகூட, அந்த ஏடு நடந்தது நடந்தபடி உடனுக்குடன் எழுதப்பட்டதல்ல என்றே காட்டுகிறது.

அந்த ஏட்டின் எழுத்தர் எப்படிப்பட்டவர் என்பதை 1905-இல் ஜே. டபிள்யூ. கிரே என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்தார். மற்ற ஆவணங்களோடு ஒப்பிட்டபோது, அதே ஏட்டில் பார்பர் என்ற பெயர் பேக்கர் ஆகியிருந்தது. பிராட்லி, டார்பி ஆகியிருந்தார். எல்காக், எட்ஜ்காக் ஆகியிருந்தார். அதைவிட முக்கியமானது அதே நவம்பர் 27 அன்று மறைமாவட்ட நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கு: க்ரௌல் என்ற ஊரின் குருவான வில்லியம் வேட்லி, தமக்கு வரவேண்டிய தசமபாகம், அதாவது விளைச்சலில் குருவுக்குத் தர வேண்டிய பத்திலொரு பங்கு, வரவில்லை என்று தொடுத்தது. அன்று ‘வில்லியம்’ என்று எழுதி அடுத்து ‘வேட்லி’ என்று எழுதிப் பழகிய கை, சற்று நேரம் கழித்து இன்னொரு வில்லியமைக் குறிக்கும்போது அந்தப் பெயரை மணமகள் பக்கம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது என்பதே எனக்கும் ஏற்புடைய விளக்கம். காதில் தவறாக விழுந்தது என்று சிலர் சொல்வது எனக்கு உவப்பாக இல்லை. இந்த வகைப் பிழை கைக்கும் கண்ணுக்கும் உரியது. ஏடுகளைப் படியெடுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

ஆன் முன்பே மணமாகி வேட்லி என்ற கணவரை இழந்தவராக இருக்கலாமே, ஒரு பெயர் பிறந்த வீட்டுடையது, மற்றது முதல் கணவனுடையது என்று கொள்ளலாமே என்றும் கேட்பவர்கள் உண்டு. மற்ற வழக்குகளில் இது நல்ல கேள்வி. ஆங்கில ஆவணங்களில் ஒரே பெண் இரண்டு குடும்பப் பெயர்களில் வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம் மறுமணம்தான். ஆனால் இங்கே பத்திரம் அவரை மணமாகாத பெண் என்று தெளிவாகச் சொல்கிறது. கைம்பெண்ணாக இருந்திருந்தால் அப்படியே எழுதியிருப்பார்கள். அந்த வேறுபாட்டில் சட்டமும் சொத்தும் அடங்கியிருந்ததால் அலுவலகங்கள் அதை விடுவதில்லை.

மிஞ்சுவது டெம்பிள் கிராஃப்டன். எழுத்தரின் கைப்பிழை குடும்பப் பெயரை விளக்குகிறதே தவிர ஊரை விளக்கவில்லை. தசமபாக வழக்கில் வந்த ஊர் க்ரௌல், கிராஃப்டன் அல்ல. ஆகவே அந்த ஊர்ப் பெயர் விண்ணப்பத்திலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று கொள்வதுதான் முறை. பெண் அப்போது அங்கே தங்கியிருந்திருக்கலாம், அல்லது அங்கே மணம் முடிக்க எண்ணியிருக்கலாம். அந்த ஊர்க் குரு ஜான் ஃப்ரித் என்ற முதியவர். 1586-இல் சீர்திருத்தத் தீவிரர்கள் எடுத்த கணக்கெடுப்பு, அவர் நம்பிக்கையில் பழைய கத்தோலிக்க மதத்தின் பக்கம் சாய்ந்தவர், பிரசங்கிக்கவும் வாசிக்கவும் சரியாக வராதவர், காயம்பட்ட வல்லூறுகளைக் குணப்படுத்துவதையே முதன்மைத் தொழிலாக வைத்திருப்பவர் என்று சொல்கிறது. அவசரக் கல்யாணத்துக்கு அதிகம் கேள்வி கேட்காத குரு ஒருவரைத் தேடியவர்களுக்கு அவர் வசதியாக இருந்திருப்பார் என்று சிலர் ஊகிக்கிறார்கள். ஊகம் என்ற அளவில் அதை வைத்துக்கொள்ளலாம். இதைத் தீர்த்துவைத்திருக்கக்கூடிய தாள் ஒன்று இருந்தது. ஆயர் வழங்கிய அனுமதிச் சீட்டு அது. மணமக்களின் கையில் கொடுக்கப்பட்டு, மணம் முடித்து வைக்கும் குருவிடம் போய்ச் சேர வேண்டியது. பத்திரமும் பதிவேடும் வூஸ்டர் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. அந்தச் சீட்டு மட்டும் இல்லை.